அறுபதில் ஓர் இருமல்

சாரல்பேட்டைக்கு நீங்கள் சாயங்காலம் நாலு மணி சுமாருக்குப் போய் இறங்கினால், மேலத்தெருக் கோடியில் டீக்கடை பேச்சிமுத்து ஒரு இருமல் இருமுவார், அவர் இருமி முடித்த மறுகணம் பக்கத்து வளையல் கடை சங்கரபாண்டி இருமுவார், அப்புறம் தபால்காரர், பூக்கட்டுகிற அம்மாள், கணக்கு வாத்தியார், பாதி சவரத்தில் கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சலூன்காரர் என்று தெரு நெடுக ஆளுக்கு ஒன்றாக அந்த இருமல் நடந்து போய், சந்தையை ஒரு சுற்றுச் சுற்றி, பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, கண்டக்டர் இருமிய பிறகுதான் மலைக்கு அந்தப் பக்கம் போகிற பஸ் நகரும். பயந்துவிடாதீர்கள். தொற்றுநோயும் இல்லை, யாரும் உங்களைக் கேலி செய்யவும் இல்லை. அது சோடாக்கார எலியாவு அண்ணாச்சியின் இருமல். ஊர் பங்கு போட்டு வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

எலியாவு யூதர். சாரல்பேட்டையில் யூதர் என்றால் சோடா கம்பெனிக்காரர் என்று அர்த்தம், ஏனென்றால் ஊர் வேறு யூதரைப் பார்த்ததில்லை. அவருடைய தாத்தா கொச்சியிலிருந்து ஒரு சோடா மிஷினை மாட்டுவண்டியில் ஏற்றிக் கணவாய் தாண்டிக் கொண்டுவந்து, இங்கத்துத் தண்ணீர் ருசியாக இருக்கிறது என்று இங்கேயே தங்கிவிட்டார். எலியாவுக்கு வாழ்க்கைப்பட்டு சிப்போராவும் கொச்சியிலிருந்து அதே கணவாய் தாண்டி வந்தாள். பிள்ளை இல்லை. சொந்தபந்தம் எல்லாம் கப்பலேறியும் விமானம் ஏறியும் எருசலேம் பக்கம் போய்ச் சேர்ந்தாயிற்று. வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் சிப்போரா ஓய்வுநாள் விளக்கேற்றுவாள், எலியாவு பன்னீர் சோடா மிஷினைத் துணி போட்டு மூடுவார், சனிக்கிழமை இருட்டும்வரை வேலையும் இல்லை, தீ மூட்டுவதும் இல்லை, ஊர் சோடா இல்லாமல் இருக்கும், ஊரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாது.

ஆனி மாதச் சாரலில் அவருக்கு இருமல் பிடித்தது. சாதாரண இருமலா அது? அவர் உள்ளே இருமினால் முன்னறையில் அடுக்கியிருந்த பாட்டில்களில் கோலிகள் எல்லாம் ஒரே நேரத்தில் துள்ளி உட்காரும். கஷாயம், தேன், மாத்திரை, ஊசி எதற்கும் மசியவில்லை. டாக்டர் மரகதம் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார், ரத்தம் பார்த்தார், படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நெஞ்சு பளிங்கு மாதிரி இருக்கு அக்கா. இருமல் எங்க இருந்து வருதுன்னுதான் தெரியல. ஆனா இப்படியே இருமுனா உடம்பு தாங்காது" என்றார்.

சிப்போரா படத்தை வாங்கிப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்தாள். அந்த மனுஷனோடு அவள் ஒருநாளாவது கொஞ்சிக் குலாவியதில்லை, எல்லா நாளும் சண்டைதான், உப்புக்குச் சண்டை, உலைக்குச் சண்டை. ஆனால் அவர் போய்விட்டால் இந்த ஊரில் வெள்ளிக்கிழமை எது என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான் மிஞ்சுவாள். அதை நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

எலியாவு கட்டிலில் சாய்ந்தபடி மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார், "நம்ம பெரியவங்க ஒண்ணு சொல்லியிருக்காங்க சிப்போரா. நோயாளியைப் பார்க்க வர்றவன், போறப்ப அவன் நோயில அறுபதுல ஒரு பங்கை எடுத்துக்கிட்டுத்தான் போவானாம்."

"அப்போ அறுபது பேரைக் கூட்டியாந்தா முடிஞ்சு போச்சு."

"முடியாது. முதல் ஆள் மொத்தத்துல அறுபதுல ஒண்ணு எடுப்பான். அடுத்தவன் மிச்சத்துலதான் எடுப்பான். அதுக்கடுத்தவன் அந்த மிச்சத்தோட மிச்சத்துல. கடைசியில கொஞ்சம் நிக்கத்தான் செய்யும்."

"நல்லாயிருக்கு! நோயாளியைப் படுக்க வச்சுக்கிட்டு வகுத்தல் கணக்கு போட்டிருக்காங்க பாரு உங்க பெரியவங்க" என்று அவள் எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்கு பேச்சிமுத்து ஒரு பாக்கெட் ரொட்டியும் நாலு சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். ஊர் வழக்கம் அதுதான். யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் ரொட்டியும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு போக வேண்டும், வசதியுள்ளவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்க வேண்டும், போய் நாற்காலியில் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த ஒருவருக்கு இதே மாதிரி வந்து இன்னும் மோசமாகப் போன கதையைச் சொல்லி, ஒரு காபி குடித்துவிட்டு எழுந்து வர வேண்டும். பேச்சிமுத்துவும் அதையெல்லாம் முறைப்படி செய்தார். வாசல் நிலையில் சாய்வாக அடித்திருந்த பித்தளைக் குழலை, யூதர் வீட்டு நிலையில் இருக்கிற வேதவசனக் குழலை, போகிற போக்கில் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். படியிறங்கியவுடன் ஒரு இருமல் இருமினார். அச்சு அசல் எலியாவு இருமல். தெருக்கோடியில் படுத்திருந்த நாய், சோடா வண்டி வருகிறது என்று நினைத்து எழுந்து ஒதுங்கி நின்றது.

உள்ளே எலியாவு எழுந்து உட்கார்ந்து, "ஒரு வாய் டீ கொடு" என்றார்.

அதற்கப்புறம் ஊர் சும்மா இருக்குமா? சங்கரபாண்டி வந்தார், ஒரு பங்கு எடுத்துப் போனார். தபால்காரர் வந்தார். பக்கத்து வீட்டுச் செண்பகவல்லி, "எனக்கு ஒரு பங்கு வையுங்க, அடுப்புல குழம்பு கொதிக்கி, இந்தா வந்துட்டேன்" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தே சத்தம் கொடுத்துவிட்டு வந்தாள், வரும்போது மகன் சுடலைமணியையும் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். எடுத்த பங்கு ஒருவருக்கும் பாரமாக இல்லை. நாள் பூராவும் ஒன்றும் செய்யாது, நாலு மணிக்கு ஒரே ஒரு இருமல், அதோடு சரி. ஆனால் வந்த வரிசை மாறாமல் வந்தது, அதனால் யாருக்கு அடுத்து யார் என்பதில் ஊருக்கு ஒரு கௌரவம் உண்டாகிவிட்டது. "நான் முதல் பத்து இருமல்ல ஒண்ணு" என்று கணக்கு வாத்தியார் கல்யாண வீட்டில் சொல்லிக்கொண்டார்.

பங்கோடு வேறு சிலதும் ஒட்டிக்கொண்டு போயின. வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததும் பேச்சிமுத்துவின் கை தானாக பாய்லரை அணைத்தது. சனிக்கிழமை காலையில் தீக்குச்சியை எடுத்தார், உரச மனசு வரவில்லை, பெஞ்சில் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். டீ கேட்டு வந்தவர்களும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். "இம்புட்டு நாளா இந்த மலை இங்கேயேதான் இருந்துச்சா?" என்று தபால்காரர் கேட்டார்.

வந்தவர்களுக்கெல்லாம் எலியாவு ஒரு கதை சொன்னார். உலகம் உண்டாகும்போது கடவுள் தன் வெளிச்சத்தைப் பாத்திரங்களில் ஊற்றி வைத்தாராம், பாத்திரங்கள் தாங்காமல் உடைந்து சிதறிவிட்டனவாம், அந்தத் துண்டுகள்தான் நாமெல்லாம், ஒவ்வொரு துண்டிலும் ஒரு பொட்டு வெளிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறதாம், ஒருவரை ஒருவர் தேடிப் போய்ப் பார்க்கும்போது ரெண்டு துண்டு பொருந்துகிறதாம்.

சங்கரபாண்டி யோசித்தார். "பாத்திரம் என்ன பாத்திரம் அண்ணாச்சி? மண்ணா, எவர்சில்வரா?"

"எவர்சில்வர் எப்படிவே உடையும்? நசுங்கத்தான செய்யும்" என்றார் பேச்சிமுத்து.

"கண்ணாடின்னு வச்சுக்கோங்க" என்றார் எலியாவு. "கேஸ் ஜாஸ்தியாப் போச்சு."

இதைக் கேட்டதும் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. சோடா பாட்டில் வெடிப்பதைப் பார்க்காதவர்கள் அந்த ஊரில் யார் இருக்கிறார்கள்!

சிப்போரா காபி போட்டுப் போட்டுக் கை ஓய்ந்தாள், ஆனால் சந்தோஷமாக ஓய்ந்தாள். சாத்துக்குடி வீட்டில் மலையாகக் குவிந்தது. ஹார்லிக்ஸ் பாட்டில்களை அடுக்க இடமில்லாமல் சோடா கிரேட்டில் வைத்தாள். எலியாவு கன்னத்தில் சதை பிடித்தது. உள்ளே நுழைகிற ஒவ்வொருவரும் படியிலேயே அவளிடம் கேட்டார்கள், "அண்ணாச்சிக்கு எப்படி இருக்கு மதினி?" ஒவ்வொருவரிடமும் அவள் சொன்னாள், "உங்க புண்ணியத்துல தேவலை."

அப்போதுதான் வினை வந்து சேர்ந்தது.

ஆவணியில் சுடலைமணிக்கும் சங்கரபாண்டியின் மகள் இசக்கியம்மாளுக்கும் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தார்கள். இசக்கியம்மாளும் அப்பாவோடு வந்து ஒரு பங்கு எடுத்திருந்தாள். இதற்குள் ஊரில் பங்கு எடுத்தவர்கள் எல்லாரும் ஒருவரையொருவர் பங்காளி என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள், முதலில் வேடிக்கைக்கு, அப்புறம் நிஜமாகவே. பங்காளி என்றால் லேசுப்பட்ட உறவா? ஒரு வீட்டில் சாவு என்றால் மற்ற வீடுகளும் தீட்டுக் காக்க வேண்டும், பங்காளிக்குள் பெண் கொடுத்து எடுக்கக் கூடாது, அண்ணன் தங்கை முறையாகிவிடும். ஒருநாள் செண்பகவல்லிக்குத் திடுக்கென்றது. மகனும் மருமகளாக வரப் போகிறவளும் ஒரே நோயில் பங்கு எடுத்தவர்கள் ஆயிற்றே!

ஊர் கூடி சிப்போராவிடம் வந்து கேட்டது. "உங்க சட்டத்துல என்ன சொல்லியிருக்கு மதினி? நோய்ப் பங்கு எடுத்தவங்க என்ன முறை?"

சிப்போரா பாவம், அவள் சட்டத்தைக் கண்டாளா? ஊர் செய்த உபகாரத்தை நினைத்து அவளுக்குக் கண் கலங்கியது, நன்றியில் வாய் தவறிச் சொல்லிவிட்டாள், "முறை என்ன முறை! பங்கு எடுத்தவங்க எல்லாரும் இனிமே ஒரே குடும்பம், எங்க வீட்டுப் பிள்ளைங்க."

தீர்ந்தது. ஒரே குடும்பம் என்று வாயாலேயே சொல்லியாயிற்று. செண்பகவல்லி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மறுநாளிலிருந்து கல்யாண வயதில் பிள்ளை வைத்திருந்த ஒருவரும் சோடா கம்பெனி இருந்த தெருவுக்குள் கால் வைக்கவில்லை, வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையைக்கூட சுற்றுவழியில் அழைத்துப் போனார்கள். ஏற்கனவே வந்தவர்கள் மறுபடி வந்து பார்த்தார்கள், பிரயோஜனம் இல்லை, ஆளுக்கு ஒரு பங்குதான் நோய் கொடுத்தது. மிச்சம் நின்றதே, அது சும்மா நிற்கவில்லை. ஒரு கரண்டி உறைமோர் ஒரு பானைப் பாலையும் தயிராக்குகிற மாதிரி, அது எலியாவுக்குள் மெல்ல மெல்லப் பெருகியது. கன்னம் ஒட்டியது. கோலிகள் மறுபடி துள்ளின. டாக்டர் மரகதம் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்து, "புதுசா யாராவது வந்து பார்த்தாத்தான் உண்டு அக்கா. சீக்கிரம்" என்றார். டாக்டர் முப்பத்திரண்டாவது இருமல்.

இந்தப் பக்கம் ஓர் உயிர், அந்தப் பக்கம் ஒரு கல்யாணம். பேச்சிமுத்துதான் டீ ஆற்றிக்கொண்டே வழி கண்டுபிடித்தார்.

"பையன் எலியாவு அண்ணாச்சி பங்காளி, சரிதானா? அவன் அந்த வழியிலேயே இருக்கட்டும். பொண்ணோட பங்கை மதினி கையில கொடுத்து, மதினி கையால திரும்ப வாங்கிக்கிட்டா, அவ மதினியோட பொறந்த வீட்டு வழி ஆயிருவா. அப்போ பையனுக்கு மாமன் மக முறைதான்வே ஆகுது! தாராளமாக் கட்டலாம். ஊருல எல்லாப் பயலுக்கும் இதே வழிதான்."

ஊரே அசந்துபோயிற்று. செண்பகவல்லி அங்கேயே ஒரு குலவை போட்டாள். மதினிக்கும் ஒரு பங்கு இருக்குமே, நாலு மணிக்கு அதை இருமிக் காட்டி, பொண்ணைத் தன் வழியில் சேர்த்துக்கொண்டால் போதும். நாலு மணிக்கு எல்லாரும் சோடா கம்பெனி முன்னால் கூடினார்கள். பேச்சிமுத்து இருமினார், சங்கரபாண்டி இருமினார், இருமல் ஊரெல்லாம் போய்ச் சுற்றி பஸ் ஸ்டாண்டில் கண்டக்டரோடு முடிந்தது. சிப்போரா வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"மதினி, நீங்க இருமலயே" என்றாள் செண்பகவல்லி.

"எனக்கு வரல."

"ஏன் வரல?"

சிப்போராவுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளில் அவள் ஒரு தடவைகூட இருமவில்லை. கஞ்சி ஊட்டியவள் அவள், முதுகு தடவியவள் அவள், எச்சில் சட்டி எடுத்தவள் அவள், போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கிடைத்த இருமல் அவளுக்கு இல்லை! அவளுக்கு வந்ததே ஒரு கோபம். "கூடவே கிடக்கேன், எனக்கு ஒரு பங்கு இல்லையா? நான் என்ன பாவம் பண்ணினேன்?" என்று கேட்டு அழுதுவிட்டாள். யாரைக் கேட்டாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

செண்பகவல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க வரவேயில்லையே மதினி. வீட்டுலயேல்லா இருக்கீக. வெளிய இருந்து வந்தாத்தான விசாரிக்க வந்ததா ஆகும்?"

சிப்போரா கண்ணைத் துடைத்தாள். பையை எடுத்தாள், செருப்பைப் போட்டாள், தெப்பக்குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கதவைத் தள்ளினாள். தள்ளியவுடன் பால் பொங்குகிற வாசனை வந்தது. நேரே அடுக்களைக்கு ஓடி அடுப்பை அணைத்தாள், ஓடுகிற ஓட்டத்திலேயே, "மாத்திரை வச்சது வச்சபடி இருக்கு, போடலையா? வாயில வைக்க ஆள் வேணுமா?" என்று ஒரு சத்தம் போட்டாள். போட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஜன்னலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஊர் "ச்சொ" என்றது.

இது சுற்றி வந்தால் ஆகிற காரியம் இல்லை என்று புரிந்தது. மறுநாள் விடியக்காலைப் பஸ்ஸில் ஏறி மலைக்கு அந்தப் பக்கம் போனாள். எந்த ஊர் என்று பார்க்கவில்லை, பஸ் நின்ற இடத்தில் இறங்கி, தெரியாத முகங்களுக்கு நடுவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எலியாவு இருமுகிறாரா இல்லையா என்று அங்கே கேட்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரை விட்டு இவ்வளவு தூரம் வந்தது இதுதான் முதல் தடவை. அந்த மனுஷன் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள், சட்டென்று பிடிபடவில்லை, பயந்துபோய் அடுத்த பஸ்ஸில் ஏறினாள்.

மத்தியானம் போய் சாரல்பேட்டையில் இறங்கியபோது ஊர் அவளைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. கண்டக்டர், "பார்த்து இறங்குங்கம்மா, ஊருக்குப் புதுசா?" என்றார். பேச்சிமுத்து கடை வாசலில் தொங்கிய வலையிலிருந்து சாத்துக்குடி எடுத்துக் கொடுத்தார்.

"யாருக்கும்மா?"

"இங்க ஒருத்தருக்கு உடம்பு சரியில்லன்னு சொன்னாங்க. பார்த்துட்டுப் போலாம்னு."

"சோடாக்காரரா? நல்ல மனுஷன். நேரே போங்க, இடது கைப் பக்கம்" என்றார் பேச்சிமுத்து, சிரிக்காமல். அவருக்கு உதடு துடித்தது.

சிப்போரா செருப்பைப் படிக்குக் கீழே விட்டாள். நிலையில் இருந்த பித்தளைக் குழலைத் தொட்டு விரலை முத்தமிட்டாள். தினமும் தொடுவதுதான். கதவைத் தட்டினாள்.

"யாரு?" என்றது உள்ளேயிருந்து ஒரு மெலிந்த குரல்.

"விசாரிக்க வந்திருக்கேன்."

அப்புறம் கட்டில் கிரீச்சிட்டது. சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்து எலியாவு கதவைத் திறந்தார். அவளையும் சாத்துக்குடிப் பையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வாங்க" என்றார்.

அடுக்களைப் பக்கம் தலை திரும்பப் பார்த்தது, அவள் திருப்பவில்லை. விசாரிக்க வருகிறவர்கள் உட்கார்கிற பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். இத்தனை நாளில் அதில் அவள் உட்கார்ந்ததில்லை. அங்கேயிருந்து பார்த்தால் அவர் முகம் முழுதாகத் தெரிந்தது. எவ்வளவு வயசாகிவிட்டது இந்த மனுஷனுக்கு! சாப்பிட்டீர்களா என்று கேட்டிருக்கிறாள், மாத்திரை போட்டீர்களா, வேட்டியை எங்கே போட்டீர்கள், பாட்டில்காரன் வந்தானா என்றெல்லாம் கேட்டிருக்கிறாள். இதை மட்டும் கேட்டதில்லை.

"எப்படி இருக்கீங்க?" என்று கேட்டாள்.

எலியாவு வாயைத் திறந்தார். இருமல் வரும் என்று அவள் காத்திருந்தாள். பேச்சு வந்தது.

"பயமா இருக்கு" என்றார். "வந்தவங்க எல்லாரும் கேட்டாங்க, பரவால்லன்னு சொன்னேன். என் வீட்டுக்காரிகிட்ட சொல்ல முடியல. சொன்னா அவ ஒடைஞ்சு போவா. நான் போயிட்டா அவ இந்த ஊர்ல ஒத்தையா விளக்கேத்தணும். அதை நினைக்கிறப்பல்லாம் தொண்டையில வந்து அடைக்குது, இருமலா வருது. சாவுக்குப் பயமில்லைங்க. அவ ஒத்தையா நிப்பாளேன்னுதான்."

சிப்போரா நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குள் மாதக்கணக்காகக் கிடந்ததும் அதேதான், எழுத்து மாறாமல் அதேதான். இரண்டு பேரும் ஒரே பயத்தை ஒரே வீட்டில் ஆளுக்கொரு மூலையில் மறைத்து வைத்துக்கொண்டு உப்புக்கும் உலைக்கும் சண்டை போட்டிருக்கிறார்கள். "அட மடையா" என்று வாய் வரைக்கும் வந்தது, வந்த இடத்தில் விசாரிக்க வந்தவள் அப்படிச் சொல்லக் கூடாது என்று நிறுத்திக்கொண்டாள்.

அப்போது மணி நாலு. மேலத்தெருக் கோடியில் பேச்சிமுத்து இருமினார். சங்கரபாண்டி, தபால்காரர், பூக்கட்டுகிற அம்மாள், வாத்தியார் என்று இருமல் தெரு நெடுக நடந்து போனது, சந்தையைச் சுற்றியது, பஸ் ஸ்டாண்டுக்குப் போனது, கண்டக்டர் இருமினார். பஸ் நகரவில்லை. ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

சிப்போராவுக்குத் தொண்டையில் ஏதோ கரகரத்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஒரு இருமல் இருமினாள். முன்னறையில் கோலிகள் எல்லாம் ஒருமுறை துள்ளி உட்கார்ந்தன.

தெருவில் செண்பகவல்லி போட்ட குலவை கணவாய் வரைக்கும் கேட்டிருக்கும். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கிளம்பியது. யாரோ பந்தல்காரனுக்குச் சொல்லிவிட ஓடினார்கள்.

எலியாவு நெஞ்சைத் தடவிப் பார்த்தார். ஒரு பொட்டு மிச்சம் இருந்தது, அது இருக்கத்தான் செய்யும், ஆனால் மூச்சு தடையில்லாமல் போய் வந்தது. அவர் நாற்காலியில் குலுங்கிக் குலுங்கி அழுகிறவளைப் பார்த்தார். இத்தனை நாளும் அந்த வாசலில் வந்தவர்கள் எல்லாரும் அவளிடம் அவரைப் பற்றித்தான் கேட்டார்கள் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது.

மெதுவாக எழுந்தார். அவள் கொண்டுவந்த பையிலிருந்து இரண்டு சாத்துக்குடியை எடுத்துக்கொண்டார். வேட்டியைச் சரிசெய்து, வெறுங்காலோடு வெளியே போய், கதவைச் சாத்தினார்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"யாரு?" என்றாள் சிப்போரா.

"இங்க ஒரு அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு கேள்விப்பட்டேன்" என்றது வெளியிலிருந்து. "எப்படி இருக்காங்கன்னு பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்."

சிப்போரா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை அவருக்காகக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுவிட்டு, கதவைத் திறக்கப் போனாள்.